நேராக்கப்பட்ட ஓட்டைகள்

அந்தக் காகிதச் சுருளின் மாதிரியை முதலில் பார்த்தபோது ரிஜெக்ட் ஆன சரக்கு என்றுதான் நினைத்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி. மேல்தோலில் அலங்கார ஓட்டை போடும் மெஷின் என்னுடையது. வரிசை ஒரு நூல் விலகினாலும் ஜோடியைத் தூக்கி எறிவார்கள். சுருளிலோ எல்லாமே கோணல். "கோணலாத்தாம்மா இருக்கணும்" என்றார் ஷூவுக்கு வடிவம் வரையும் எங்கள் பேட்டர்ன் மேடம். "அவர் வாசிக்கிறதே அப்படித்தான். தாளத்துக்குக் கொஞ்சம் லேட்டா வருவாரு."

அவர் என்றது மேடத்தின் கணவரை. பெங்களூர் ஓட்டலில் ஜாஸ் பியானோ வாசித்தவர். பக்கவாதத்தில் வலது கை போனதும் பியானோ பக்கமே போகவில்லை. வீட்டில் இருந்தது பழைய காலத்துப் பியானோ. காலால் மிதித்தால் ஓட்டை போட்ட காகிதம் ஓடும், கட்டைகள் தானாக அமுங்கும். மேடம் அவருடைய பழைய ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கேட்டு, சுரத்துக்கு ஒரு ஓட்டையாகக் கம்ப்யூட்டரில் வரைந்தார். தன் வாசிப்பைக் கேட்டால் இடது கையையாவது வைப்பார் என்று நம்பினார். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

என் மெஷினில் சுருளுக்கு ஓட்டை வெட்டிய அன்று நான் லீவு. மேனேஜர்தான் வெட்டிச் சுற்றிக் கொடுத்தான். அந்த ஞாயிறு அவர்கள் வீட்டில் மேடம் மிதிக்க, அவர் இடது கையைத் தூக்கிக் காத்திருந்ததை நான் பார்த்தேன். அவர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே கட்டை அமுங்கியது. மறுபடியும் அப்படியே. கை மடிக்கு இறங்கியது. "யாருடி இவன், போலீஸ் பரேடுக்கு வாசிக்கிறான்?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கேட்டதற்கு மேனேஜர், "பாக்கவே சகிக்கல மேடம். லைன் சுத்தமா நேராக்கிக் குடுத்தேன்" என்றான், பெருமையாக. பழைய ஃபைலின் மேலேயே சேவ் செய்திருந்தான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். ஷூவுக்குச் சரியானது மனுஷன் கைக்கும் சரி என்று நினைத்த மடையன்.

மேடம் முதலிலிருந்து மறுபடி வரைந்தார். இந்த முறை நானே வெட்டினேன். மேடம் அதைப் பியானோவில் மாட்டப் போனதுமே, "அந்தப் பொம்மைய மூடு" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார் அவர். பிறகு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

போன மாதம் மேடத்தைப் பார்க்கப் போனேன். அந்த இரண்டாவது சுருளைப் போட்டு மிதித்தார். "இப்ப அவர் மாதிரியே இருக்குல்ல?" என்றார். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் நான். எனக்கு இரண்டு சுருளும் ஒரே மாதிரிதான் கேட்டன. வித்தியாசம் சொல்லக்கூடிய ஆள் கேட்காமலே போய்விட்டார்.

"ஆமா மேடம்" என்றேன்.