வந்துச்சா மாமா

என் மாமனாருக்கு ஊர் வைத்த பெயர் வந்துச்சா. டிஷ் ஆன்டெனா பொருத்துவது அவர் தொழில். வெளியே நின்று தட்டை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டே, உள்ளே டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் "வந்துச்சா?" என்று கத்துவார். அந்தக் கத்தலில் தெருவில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும்.

உள்ளேயிருந்து பதில் சொல்வது என் மாமியார். கல்யாணமான புதிதில் துணைக்குப் போனவர், தொழிலில் பாதியாகிவிட்டார். வீட்டுக்காரர்களை மாமா நம்ப மாட்டார். படம் வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்களாம், பதில் சொல்ல மறந்துவிடுவார்களாம். அத்தை அப்படியில்லை. "வரல... வரல... வந்துச்சு... ஐயோ, போச்சு! கை சும்மா இருக்காதா உங்களுக்கு?" பிறகு சிக்னலை வெளியிலேயே அளந்து காட்டும் மீட்டர் வந்தது, உள்ளே ஆள் தேவையில்லை என்றாயிற்று. ஆனாலும் ஸ்கூட்டரின் பின்சீட்டில் அத்தை போய்க்கொண்டுதான் இருந்தார்.

போன மழைக்காலத்தில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. கால் மெல்லத் தேறியது, பேச்சு திரும்பவில்லை. எதையோ சொல்ல வருவார், சொல் கிடைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள்: "யோசிச்சுச் சொல்ற வார்த்தை லேட்டாதான் வரும். வாய்க்குப் பழகின வார்த்தை சில சமயம் தானா வந்து விழும். அப்படி ஏதாவது பேச வைங்க."

என் மனைவி அம்மாவுக்குப் பாட்டுப் பாடிப் பார்த்தாள், ஒன்று இரண்டு எண்ண வைத்துப் பார்த்தாள். அத்தை சிரிப்பார், அவ்வளவுதான். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் வந்தது.

"மாப்ள, ஒரு குழி தோண்டணும். வர்றீங்களா? உங்க டிவியையும் எடுத்துட்டு வந்துடுங்க."

ஊரெல்லாம் டிஷ் மாட்டியவர் வீட்டில் டிவியும் கிடையாது, டிஷ்ஷும் கிடையாது. தகரக் கூரை டிஷ்ஷைத் தாங்காது, தரையில்தான் குழாய் நட வேண்டும். மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்பதை அன்றுதான் கண்டேன். உட்காரச் சொல்லவில்லை, கடப்பாரையைக் கொடுத்தார். கொல்லை மூலையில் மண் பொலபொலவென்று இருந்தது. மாமா காட்டியதோ அத்தை அறையின் ஜன்னலுக்கு நேராக, கல்லும் செங்கல் துண்டுமாகக் கிடந்த இடம்.

"அந்த மூலையில வைக்கலாமே மாமா?"

"அங்கேருந்து கத்தினா அவளுக்குக் கேக்காது."

"மீட்டர்தான் இருக்கே, எதுக்குக் கத்தணும்?"

அவர் குனிந்து கல்லைப் பொறுக்கினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு தோண்டினேன்.

குழாயின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் வைத்திருந்தார், காற்றில் சுழலாமல் இருக்க. ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கெல்லாம் தப்பிவிடுமாம். கான்கிரீட் இறுக அடுத்த ஞாயிறு வரை விட்டோம். வாரம் முழுக்க அத்தை அந்த மொட்டைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

தட்டை மாட்டிய அன்று மாமா மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அத்தை டிவி முன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் என் மனைவி. நான் வெளியே, ஜன்னலோரம்.

"வந்துச்சா?"

உள்ளே சத்தமில்லை. சிக்னல் இல்லை என்றது திரை. தட்டு நகர்ந்தது.

"வந்துச்சா?"

அத்தையின் உதடு அசைந்தது, குரல் எழவில்லை. கேட்கக் கேட்க மாமாவின் குரலும் கம்மிக்கொண்டே போனது. திடீரென்று பளிச்சென்று படம் வந்தது. ஏதோ தொடரில் ஒருத்தி பயந்து பயந்து ஒரு கதவைத் திறக்கப் போனாள். அத்தையின் கண் விரிந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. பொறுக்க முடியாமல், படம் வந்துவிட்டது என்று நான் மாமாவுக்குச் சைகை காட்டினேன்.

முறைப்படி அவர் உடனே நட்டை முறுக்க வேண்டும். முறுக்காமல் ஸ்பானரைப் பிடித்தபடி நின்றார். பிறகு, வேண்டுமென்றே, தட்டை ஒரு தள்ளு தள்ளினார்.

கதவு திறக்கிற நேரத்தில் படம் நின்றது.

"போச்சு!" என்றார் அத்தை.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தைக்கு இருந்த கோபத்தில், தான் பேசியதே தெரியவில்லை. "ஐயோ, போச்சு! கை... கை..." மேலே கிடைக்காமல் தேடினார்.

மாமா ஸ்பானரைப் போட்டுவிட்டு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சும்மா இருக்காதுடி. என் கை சும்மாவே இருக்காது. நீ திட்டு."

அந்த நட்டை அவர் இன்றுவரை முழுசாக முறுக்கவில்லை.