சனிக்கிழமைச் செய்தியில் அஞ்சலை

போன வாரம் பதுளை பஸ் நிலையத்தில் ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கினேன். பல் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிற நாலைந்தை வைத்துச் சமாளிக்கிறேன். சுருளைக் காலி செய்துவிட்டுக் கசக்கி எறியப் போனவள், காகிதத்தில் ரோனியோ எழுத்துத் தெரியவே பிரித்துப் பார்த்தேன். ஏதோ ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துத் தாள். மேல் பாதியில் இந்த வாரச் செய்திகள், கீழ்ப் பாதியில் வரும் வார நிகழ்ச்சிகள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கச் சிரமதானமாம், வெள்ளிக்கிழமை ஊசி போட வருகிறார்களாம். நடுவில் ஒரு பட்டியல்: வாரம் முழுவதும் தவறாமல் வந்த பிள்ளைகள். எட்டுப் பெயர்கள் இருந்தன.

இத்தனை வயதானவள், பட்டப்பகலில், நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பயந்தாள் என்றால் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தக் காகிதத்தில் கருகிய கச்சான் வாசனைதான் இருந்தது. எனக்கு மட்டும் பச்சைக் கொழுந்து வாசனை அடித்தது. எங்கள் காலத்தில் பள்ளிக்கூடச் செய்தி கொழுந்து மடுவத்தில்தான் வெளிவரும். மடுவம் என்றால் சுவரில்லாத ஒரு தகரக் கொட்டகை. பறித்த கொழுந்தைச் சாயங்காலம் அங்கேதான் நிறுப்பார்கள். எங்கள் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே இருந்தது. அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை, கடிதம்கூட எப்போதோ ஒன்று வரும். வந்தாலும் படிக்க ஆள் வேண்டும். அதனால் வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை நிறுவை முடிந்ததும் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பிள்ளையை ஏற்றி, வாரச் செய்தியை உரக்கச் சொல்ல வைப்பார். தாய் தகப்பன் எல்லாரும் அங்கேதானே நிற்கிறார்கள்.

அந்தப் பிள்ளை நான்தான். படிப்பில் கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். "உனக்கு மூளை கொஞ்சம், தொண்ட ஜாஸ்தி," என்று சொல்லித்தான் வாத்தியார் என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் கத்தினால் எதிர்மலையில் ஆடு திரும்பிப் பார்க்கும். அவர் எழுதிக் கொடுப்பதை எழுத்துக்கூட்டி மனப்பாடம் பண்ணிக்கொண்டு பெட்டிமேல் ஏறுவேன். பெரியசாமி மகன் ரெண்டு நாளா வரல, காரணம் ஆடு மேச்சது. வர்ற திங்கக்கெழம பூச்சி மருந்து, பிள்ளைங்களுக்கு விடியக்காலம ஒண்ணும் குடுக்காம அனுப்பணும். இப்படிப் போகும். பெரியசாமி மகன் மறுநாள் என்னை எங்கே கண்டாலும் கல்லெடுப்பான். செய்தி சொல்கிறவளுக்குப் பகையாளி அதிகம் என்று எட்டு ஒன்பது வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. பள்ளிக்கூடம் என்பது பழைய லயத்தின் ஒரு கோடி. மூன்று வகுப்பும் ஒரே அறைக்குள். வாத்தியார் திருச்சிப் பக்கத்து மனிதர், இழுப்புக்காரர். தேயிலைக்கு முன்பு கோப்பி போட்டிருந்த காட்டில் மிஞ்சிய செடியிலிருந்து வெட்டிய கம்பு ஒன்று அவர் கையில் இருக்கும். கோப்பிக் கம்பின் அடி சுள்ளென்று பிடிக்கும். எனக்கு அவரிடமும் பயம், கம்பிடமும் பயம், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் பயம், தோட்டம் நடத்தும் துரையின் நாயிடம் பயம். பயமில்லாத ஒரே ஆள் எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருந்த அஞ்சலை. என் வயதுதான், என் உயரம்தான். அவள் மூன்றாம் வகுப்பு, நான் இரண்டிலேயே குந்தியிருந்தேன்.

அஞ்சலைக்கு வாய்ப்பாடு என்றால் பைத்தியம். எங்கள் காம்பராவுக்கும் அவர்களுடையதற்கும் நடுவில் ஒரு அரைச்சுவர், மேலே திறப்பு. அவள் அங்கே சொல்லச் சொல்ல எங்கள் வீட்டுச் சட்டிபானைகூட மனப்பாடம் பண்ணியிருக்கும். அந்த வருடம் விஷக் காய்ச்சல் வந்தது. வெள்ளைக்காரர்களின் முதல் பெரிய சண்டை முடிந்த சமயம். லயத்துக்கு ஒருவர் இருவர் என்று தூக்கிப் போனார்கள். அஞ்சலை மூன்று நாள் கிடந்தாள். காய்ச்சல் வேகத்திலும் வாய்ப்பாடுதான். பதினாறாம் வாய்ப்பாடு. ஒம்பது பதினாறு நூத்தி நாப்பத்தி நாலு என்கிற இடத்தில் மூச்சு முட்டி நிற்பாள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். நாலாம் நாள் அவள் ஆரம்பிக்கவில்லை.

அவள் போன ஒன்றிரண்டு மாதத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அந்தச் சனிக்கிழமை அதை அறிவித்ததும் நான்தான். மறுநாள் வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இடாப்பைத் திறந்து காட்டினார். வரவு போடுகிற பெரிய புத்தகம் அது. இருபது பிள்ளைகள் இருந்தால்தான் பள்ளிக்கூடம், ஒன்று குறைந்தாலும் சர்க்கார் மூடிவிடும். துரை எப்போது மூடுவார்கள் என்றுதான் காத்திருந்தார், சாக்கு அடுக்க இடம் வேண்டுமாம். மூடினால் நாங்கள் இத்தனை பேரும் புல்லுப் பிடுங்கப் போகவேண்டியதுதான். இடாப்பில் இருபது பெயர் இருந்தது. உயிரோடு பத்தொன்பது பேர். அஞ்சலை பெயரை அவர் வெட்டவேயில்லை.

"காலையில ரெண்டாம் வகுப்பப் பாப்பாரு. மத்தியானம் சாப்டுட்டு வந்துதான் மூணாம் வகுப்பு," என்றார். "காலையில நீ நீயா இரு. மத்தியானம் நீ அஞ்சலை."

"பயமா இருக்குங்க," என்றேன்.

"எனக்கு மட்டும் என்ன?" என்றார் வாத்தியார். அவருக்கு இழுப்பு எடுத்திருந்தது. பெரிய மனிதர் ஒருவர் தனக்குப் பயமென்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பிள்ளைகளுக்கெல்லாம் விஷயம் தெரியும். வெளியே மூச்சு விட்டால் தோலை உரிப்பேன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதில் ஒருவன், செத்தவள் பெயருக்குக் குரல் கொடுத்தால் செத்தவள் பக்கத்தில் வந்து நிற்பாள் என்று என் காதில் ஓதிவிட்டுப் போனான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வெளிச்சமும் பேயாகிவிட்டது. துருப்பிடித்த ஆணி ஒன்றைத் தேடி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இரும்பிருந்தால் அண்டாதாம்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். தலைப்பாகை, மூக்குக்கண்ணாடி. காலையில் என்னை எழுப்பி நாலு நாலு எவ்வளவு என்று கேட்டார். நாலு நாலு! பால்குடிப் பிள்ளை சொல்லும். எனக்கு வரவில்லை. மத்தியானத்தை நினைத்து நின்றவளுக்குப் பாவாடை நனைந்துபோனது. வெட்கக்கேடுதான், ஆனால் அதிலும் ஒரு நன்மை. வீட்டுக்கு ஓடி அக்காவின் பாவாடையைச் சுற்றிக்கொண்டு, தலையை வேறு மாதிரி வாரி முடிந்துகொண்டு வந்தபோது பாதி அஞ்சலையாகத்தான் இருந்தேன்.

மத்தியானம் பெயர் கூப்பிட்டார். எழுந்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"காலமை வந்த பிள்ளை உன்ர தங்கச்சியோ?"

ஆமாங்க என்றேன். வாத்தியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாக ஓடியது. என் குரலில் இல்லை, அவள் இழுக்கிற மாதிரி, அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி. ஒம்பது பதினாறு நூத்தி நாப்பத்தி நாலு. அங்கே நின்றுவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. இடது பக்கம் யாரோ நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் ஆணியைப் பிடித்துக்கொண்டேன்.

"காணும், இரு," என்றார் இன்ஸ்பெக்டர். போதும், உட்கார் என்று அர்த்தம்.

சில வாரம் கழித்துப் பதுளையிலிருந்து முடிவு வந்தது. பள்ளிக்கூடம் பிழைத்துவிட்டது. துரைக்கு என்ன தோன்றியதோ, பாஸான பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டைத்துணி கொடுப்பதாகச் சொல்லி அந்தச் சனிக்கிழமை மடுவத்துக்கே வந்துவிட்டார். வாத்தியார் என் கையில் சீட்டைத் திணித்தார். கணக்கப்பிள்ளை கையில் அசல் பட்டியல் இருக்கிறது, ஒரு பெயர்கூட விடாதே என்றார். சீட்டைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. அஞ்சலை பெயர் இருந்தது. நான் ஃபெயில், செத்தவள் பாஸ்.

பெட்டிமேல் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது மாரியாயி அத்தை. அஞ்சலையின் தாய். இன்ஸ்பெக்டர் வந்த அன்று மேல்மலையில் கொழுந்து எடுத்தவள், ஒன்றும் அறியாதவள். கூடையை இறக்காமல் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. அடுத்தது அவள் பெயர். சொன்னால் அத்தை என்ன செய்வாளோ, கத்துவாளோ, விழுவாளோ. சொல்லாவிட்டால் கணக்கப்பிள்ளை கேட்பார், வாத்தியார் போவார், பள்ளிக்கூடம் போகும். சொல்லிவிட்டேன். எதிர்மலைக்குக் கேட்கிற என் தொண்டையிலிருந்து கோழிக்குஞ்சுச் சத்தம்தான் வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

துரை துணியை நீட்டிக்கொண்டு, எங்கே பிள்ளை என்று கேட்டார். தராசுக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரின் இழுப்பு மட்டும் கேட்டது.

மாரியாயி அத்தை கூடையை இறக்கி வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம் மகதாங்க, தொரைகளே. இன்னைக்கி வர முடியலீங்க. நான் வாங்கிக்கிறேனுங்க."

வாங்கிக்கொண்டு போய்க் கூடையைத் தூக்கினாள். நான் லயத்துக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குப் பத்தடி பின்னாலேயே போனேன். முந்திப் போகவும் பயம், ஓடிப் போகவும் பயம். தண்ணீர் விழுகிற பீலியடியில் நின்று திரும்பினாள். அறை விழப்போகிறது என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன்.

"நீதான் போனியா?"

தலையை ஆட்டினேன்.

"என்ன கேட்டாக?"

"பதினாறாம் வாய்ப்பாடு."

"முழுசும் சொன்னியா?"

"ஒம்பதோட நின்னுட்டேன், அத்தை."

அத்தை பீலித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளும் அங்கனதான் நிப்பா," என்றாள். பிறகு என் தலைமேல் கையை வைத்தாள். கை முழுக்கக் கொழுந்துக் கறை, அந்த வாசனை.

அதன்பிறகு அவள் சனிக்கிழமைகளில் கொழுந்து நிறுவை முடிந்தவுடன் போவதில்லை. செய்தி முடிகிறவரை நிற்பாள். வாத்தியார் ஒன்றிரண்டு வாரம் அதைப் பார்த்தார். அப்புறம் சீட்டில் ஒரு வரி சேர்ந்தது: அஞ்சலை, இந்த வாரம் ஒரு நாளும் தவறல. செத்தவளுக்குக் காய்ச்சல் வருமா, ஆடு மேய்க்கப் போவாளா? தோட்டம் முழுக்கத் தெரியும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஒருவர்கூடத் துரை காதில் போடவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு வாரமும் நடுங்கிக்கொண்டே சொன்னேன். அந்த வரி வரும்போது அத்தை லேசாகத் தலையை அசைப்பாள், கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மறுவருடம் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் பூனாகலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் லயத்துக்குக் குடி வந்தது. இரண்டு பிள்ளைகள். இருபத்தொன்று ஆகிவிட்டது. வாத்தியாருக்கு அன்றைக்கு முகத்தைப் பார்க்கவேண்டும், இழுப்புக்கூட விட்டுப்போன மாதிரி இருந்தது. சிவப்பு மையில் அஞ்சலை பெயரைக் கோடு போட்டு வெட்டினார். இனிப் பயமில்லை என்றார். அந்தச் சனிக்கிழமைச் சீட்டில் அந்த வரி இல்லை.

செய்தி முழுவதையும் சொன்னேன். புதுப் பிள்ளைகள் பெயரைச் சொன்னேன். வரும் வாரம் பேன் பார்ப்பதைச் சொன்னேன். கூட்டம் கலைந்தது. மாரியாயி அத்தை நின்றுகொண்டே இருந்தாள். தராசைக் கழற்றிவிட்டார்கள், அப்போதும் நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

வாத்தியார் பின்னால் நின்றார். கையில் கம்பு இருந்தது. சீட்டில் இல்லாததைச் சொன்னால் அடிப்பார் என்று பயந்தேன்.

"அவ்வளவுதான், அத்தை," என்றேன்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரத்திலிருந்து நிற்கவில்லை. ஒரு பெயர். சொல்லியிருந்தால் என்ன, இரண்டு அடி விழுந்திருக்கும், வேறென்ன? இத்தனை வருடத்தில் எத்தனையோ அடி வாங்கியாயிற்று. அந்த இரண்டையும் வாங்கியிருக்கலாம்.

இப்போது அந்த மடுவம் இல்லை, கொழுந்து நிறுப்பது ரோட்டோரத்தில். பள்ளிக்கூடம் இருந்த லயத்தை இடித்துத் தேயிலை மட்டக்கன்று போட்டார்கள். இடாப்பைக் கறையான் தின்றது. வாத்தியார் ஊருக்குப் போனார், போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாது. பஸ் நிலையத்தில் அந்தக் கச்சான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு எட்டுப் பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். ஒன்பதாவதாக அவள் பெயரையும் சொன்னேன். எதிர்மலைக்குக் கேட்ட தொண்டை இப்போது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னிடம் திரும்பி, ஏதாவது கேட்டீங்களா என்றாள்.