எது போகலாம் என்று கேட்ட அண்ணன்

எங்கள் அண்ணன் சிங்கப்பூரின் செம்பவாங்கில், அப்பா வேலை பார்த்த கப்பல்தளக் குடியிருப்பில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பை விட்டு, துவாஸ் தொழிற்பேட்டையில் வெல்டராகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். படித்து நான் என்ன கிழித்தேன் என்பதை இங்கே எழுதினால் இந்த நினைவு மலரின் மதிப்புக் குறையும்.

பின்னாளில் அண்ணன் பாதுகாப்பு அதிகாரியானார். தினமும் காலையில் ஆட்களைக் கூட்டி, "இன்னைக்கு எது விழலாம், எது வெடிக்கலாம், சொல்லுங்க" என்று கேட்பதுதான் வேலை. ரயிலில் போகவர ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவம் படித்தார். இழக்கக்கூடியதை முன்பே நினைத்துப் பார்த்தால் இருப்பதன் அருமை தெரியும், நம் கையில் இருப்பது மனம் ஒன்றுதான் என்று அதில் கண்டார். அதைச் சுவா சூ காங் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காலைக் காப்பியின்போது, "இன்னைக்கு நம்மகிட்ட இருந்து எது போகலாம்?" என்பார்.

அண்ணி சிலுவை போட்டுக்கொள்வார். நானோ மின்தூக்கி நடுவில் நின்றாலே மூன்று மொழியில் ஜெபிக்கிற வீரன். "அண்ணே, காலங்காத்தால வாயைக் கழுவுங்க."

"வேலை போகலாம். கண்ணு போகலாம். இதோ, இந்த ஓசிக் காப்பிக்காரன் போகலாம்" என்று என்னைக் காட்டுவார். அன்று முழுவதும் கழுத்து வலிக்க இருபுறமும் பார்த்துத்தான் சாலையைக் கடப்பேன்.

முதலில் இருமல் வந்தது. ஊரைச் சூழ்ந்திருந்த புகைமூட்டத்தால் என்றோம். மூட்டம் கலைந்தது, இருமல் போகவில்லை. நுரையீரலில் புற்று என்றார் மருத்துவர். பேருந்து தாமதம் என்று கேட்டவர்போல அண்ணன் தலையசைத்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொன்னார்: "தினமும் கூப்பிட்டீங்க. வந்திருச்சு."

அதன்பின் அண்ணி காப்பியை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். கதவு சாத்தப்படும். அண்ணன் சட்டைகளைக் கொடுத்தார், கருவிகளைக் கொடுத்தார். வாரத்துக்கு வாரம் வீடு காலியானது. தேக்கா பக்கம் ஒரு ஸ்டூடியோவில் தன் இறுதிச்சடங்குக்கென்று படம் எடுத்து, சட்டம் போட்டு, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அதைத் தொடாமல் எல்லோரும் சுற்றிப் போனோம். இம்மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.

அவர் போவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி மறுபடி அவரிடம் பேசுவதற்குள் போய்விடுவாரோ என்பதுதான் என் கவலை.

இடி இடித்த ஒரு காலை. அண்ணி காப்பி வைத்துவிட்டுத் திரும்பினார். அண்ணன் தூக்கிய கோப்பை தட்டில் கடகடத்து, காப்பி சிந்தியது.

"குளிரா அண்ணே?"

"பயம்டா."

அண்ணி நின்றார். "உங்களுக்கா?"

"ஏன், எனக்கு வரக்கூடாதா? விடியறப்பவே வந்துரும். போன்னு சொன்னாப் போகல லா. சரி, இருந்துட்டுப் போன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் எப்படிச் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

"பயமும் இருக்கு. உன் காப்பியும் நல்லா இருக்கு. ரெண்டும் நிஜம்தானே."

"நான் மட்டும்தான் இந்த வீட்டுல பயந்து சாகுறேன்னு நினைச்சேன்" என்றார் அண்ணி. நாற்காலியை இழுத்து அவரருகே உட்கார்ந்தார். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும்.

சில நாள் கழித்து, அண்ணி பக்கத்தில் இருக்கும்போதே அண்ணன் கண்மூடினார்.

வீடு தேடி வந்த செவிலியர்களுக்கும், ஜெபமாலை சொன்ன தேவாலயப் பங்கு மக்களுக்கும், விடுப்பு நாளில் துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்து சவப்பெட்டியைச் சுமந்த தம்பிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணி இப்போது தனியாக இருக்கிறார். ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம், எனக்கும் தெரியாது. காலையில் வந்து பக்கத்தில் உட்காருங்கள். அண்ணி காப்பி போடுவார்.