சாவி கொடுப்பதற்கு முன்

வாடகைக்கு வீடு பிடிப்பது சுலபம். அந்த வீட்டுக்கு ஆள் பிடிப்பதுதான் உயிரை வாங்கும். தானா ராத்தா என்ற இந்த மலையூரில் எனக்கு அதுதான் பிழைப்பு. வருகிறவரை விசாரித்து, சரியான ஆள்தானா என்று பார்த்து, வீட்டுக்காரர் சார்பில் சாவி கொடுப்பேன். நீங்கள் ஒரு அறையையாவது வாடகைக்கு விட்டிருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

வெள்ளைத் தாள்

கம்போங் ராஜாவில் தக்காளித் தோட்டத்து சூப்பர்வைசராக இருக்கும் முருகையா, தானா ராத்தாவில் வீடு கேட்டு வந்தார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பெண்ணுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. வழக்கம்போல அவருடைய கடன் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கார் லோன் இல்லை, கார்டு இல்லை, மோட்டார்கூடக் கைக்காசில் வாங்கியதாம்.

ஈப்போவில் இருக்கும் வீட்டுக்காரர், ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று எப்படித் தெரியும், வேறு ஆள் பாருங்கள் என்றார். பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். முருகையா கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் போயி ஒரு கடன வாங்கிட்டு வரட்டுங்களா, மேடம்?"

ஏணி பிடித்தவர்

மனசு கேட்கவில்லை. முருகையா அப்போது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்தேன். குடிப்பான், சத்தம் போடுவான், வாடகைக்கு இழுத்தடிப்பான் என்று மனுஷன் அடுக்கிக்கொண்டே போனார்.

வேறு வேலையாகக் கம்போங் ராஜா போனபோது அந்த வீட்டையும் எட்டிப் பார்த்தேன். முருகையா கூரைமேல் நின்று தகரம் மாற்றிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர். பிறகு ஈப்போக்காரரிடம் இதைச் சொல்லித்தான் முருகையாவுக்குச் சாவி வாங்கிக் கொடுத்தேன். ஏன் இப்படிப் பொய் சொன்னீர்கள் என்று அன்று நான் கேட்டபோது, கீழே நின்ற வீட்டுக்காரர் ஏணியை விடாமலே பதில் சொன்னார்.

"நல்லவன்னு சொன்னா நீங்க கூட்டிட்டுப் போயிருவீங்களே, தங்கச்சி."

காட்டுக்குள் இருந்து ஒரு போன்

அடுத்து வீடு கேட்டு வந்த கவிதாவின் கணவர் ராணுவத்தில். சரவாக் எல்லைக் காட்டுக்குள் டியூட்டி. கல்யாணத்திலிருந்து முகாம் குவாட்டர்ஸிலேயே இருந்ததால் கவிதா பேரில் ஒரு கரண்ட் பில்கூட இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாள். அங்கே தேயிலை விற்கும் கடையில் வேலையும் கிடைத்தது. அம்மாவின் தோட்டத்து லைன் வீட்டில் அண்ணன் குடும்பமும் இருந்ததால் படுக்க இடமில்லை.

காதர் பாய் சாப்பாட்டுக் கடையின் மாடி காலியாக இருந்தது. புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார் பாய். கெட்ட மனுஷன் இல்லை. பொம்பளை தனியாக இருந்தால் ஊர் பேசும் என்ற பயம். அந்தக் காட்டிலோ மேட்டில் ஏறினால்தான் போனுக்கு லைன் கிடைக்கும். கவிதா வாரக்கணக்கில் காத்திருந்தாள்.

ஒருநாள் மத்தியானம், பாய் கடையிலேயே நாங்கள் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. கவிதா எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டுப் பாயிடம் நீட்டினாள். வீட்டுக்கு யார் பொறுப்பு என்று பாய் கேட்டார். பதில் வந்தது, லைன் அறுந்தது. பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் பேரிலேயே அக்ரிமெண்ட் எழுதச் சொன்னார். காட்டிலிருந்து வந்த பதில் இதுதான்.

"வீட்ட நடத்துறது அவங்க, பாய். நான் லீவுல வர்ற விருந்தாளி, அவங்ககிட்டயே பேசுங்க."

சொல்லாமல் வந்தவர்

சில மாதம் கழித்துப் பாய் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், யூனிஃபார்மில் ஒருவர் பெரிய பையோடு உட்கார்ந்திருந்தார். கவிதாவின் கணவர்தான். வேலைக்குப் போயிருந்த மனைவிக்குத் தெரியாமல் வந்து அசத்தலாம் என்று நினைத்து மாடிச் சாவி கேட்டிருக்கிறார். அடையாள அட்டை, கல்யாணப் படம் எல்லாம் காட்டிவிட்டாராம். பாய் சாப்பிட ரொட்டி சானாய் கொடுத்தார், குடிக்கத் தே தாரிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. சாவி மட்டும் கொடுக்கவில்லை. பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறாரே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். பாய் மசியவில்லை.

"புருஷனா இருக்கட்டும்மா, வீடு அந்தப் பொண்ணு பேர்ல இருக்கு, அது வந்து சரின்னு சொல்லட்டும்."

குடிவருகிறவர்களை விசாரிப்பதாகத்தான் எனக்குப் பேர். ஆனால் விசாரிக்க விசாரிக்க நான் அதிகம் தெரிந்துகொண்டது வீட்டுக்காரர்களைப் பற்றித்தான்.