ஒரே பெயர், இரண்டு பெட்டி

போன சனிக்கிழமை காக்களூர் போயிருந்தேன். திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி, ரிக்‌ஷாக்காரரிடம் பேரம் பேசித் தோற்று, வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தேன். வீறாப்புக்குக் கிடைத்த பரிசு, நனைந்த சட்டை.

வரச்சொன்னவர் கோமதி. என் பழைய சிநேகிதி. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி புதிதாக மினி கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறது. மினி என்றுதான் பெயர்... என் வீட்டு பீரோவைவிடப் பெரிசு. அதற்கு ஏ.சி. ரூம் வேறு. பக்கத்து ஷெட்டில் வேலை பார்க்கிற மனிதர்களுக்கு? ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான் முணுமுணுத்ததைக் கோமதி காதில் வாங்கவில்லை. அவருக்கு அன்றைக்கு ஒரே குஷி.

"இதுல டீபக்கர்னு ஒண்ணு வந்திருக்கு சார். பார்த்தீங்கன்னா உடனே எழுத உக்காந்துடுவீங்க" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவர் நினைத்த மாதிரி அல்ல.

டீபக்கர் என்றால்? பயப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். புரோகிராமில் இருக்கிற தப்பைப் 'பக்' என்கிறார்கள். அதாவது பூச்சி. அந்தப் பூச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட உதவுகிற இன்னொரு புரோகிராம்தான் டீபக்கர்.

அதை ஓட்டிக் காட்டுவதற்காகக் கோமதி ஒரு பழைய கார்டுக் கட்டை எடுத்தார். ஓட்டை போட்ட அட்டைகள். கட்டியிருந்த ரப்பர் பேண்டு உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஞாபகம் இருக்கா? உங்க பவுண்டரிக்காக எழுதினது. என்னோட முதல் புரோகிராம்."

ஞாபகம் இல்லாமலா?

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பவுண்டரியில் கிளார்க். பழைய இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற இடம். உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்க வேண்டும். குறைந்தால் வார்ப்பு விரிசல் விடும். எவ்வளவு சேர்ப்பது என்பது வருகிற இரும்பைப் பொறுத்தது. அந்தக் கணக்கை எங்கள் முதலாளி கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார். நாடு முன்னேறுகிறது இல்லையா!

சென்னையில் ஓர் ஆபீஸ் கம்ப்யூட்டரை வாடகைக்கு ஓட்டிக் கொடுத்தது. கோமதி அங்கேதான் இருந்தார். எங்கள் லேப் தருகிற எண்களை நான் சாயங்காலம் பாசஞ்சர் வண்டியில் கொண்டுபோவேன். மறுநாள் காலையில் அச்சடித்த காகிதத்தோடு திரும்புவேன். அதைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒவ்வொரு உருக்குக்கும் ஒரு சீட்டாகப் பர்னஸுக்கு, அதாவது உருக்குகிற உலைக்கு, அனுப்புவோம்.

பர்னஸில் நின்றவர் தேவசகாயம்.

முரட்டு மீசை. கழுத்தில் சிலுவை டாலர். ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து பேசினால் ஆபீஸில் எங்களுக்குக் கேட்கும். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் தொழிற்சாலைக்கு வந்த முதல் ஆள் இவர்தான். அந்தப் பெருமையை ஒளித்து வைக்கிற வழக்கமும் இவருக்கு இல்லை.

கம்ப்யூட்டர் சீட்டு வந்தபோது மற்றவர்கள் கேலி செய்தார்கள். தேவசகாயம் மட்டும் அதற்குப் பரம ரசிகர்.

"கம்ப்யூட்டர் சொல்லிச்சின்னா அவ்ளோதான் நைனா! மேஸ்திரி மாதிரி காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு பேசாது" என்பார்.

சீட்டைப் படிப்பார். எடை போட்டு மாங்கனீஸைச் சேர்ப்பார். வேலை முடிந்ததும் சீட்டைச் சுருட்டிப் பர்னஸுக்குள் வீசி, "நாஷ்டா துன்னு ராசா!" என்று ஒரு கத்தல். பார்த்துப் பார்த்து மற்ற ஷிப்டு ஆட்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. சீட்டு நெருப்புக்குள் போனால்தான் உருக்கு நன்றாக வரும் என்று ஒரு நம்பிக்கையே வந்துவிட்டது. ஆபீஸில் நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம்.

ஒரு சமயம் உடைத்த கப்பலின் இரும்பு லோடு லோடாக வந்தது. துரு ஏறிய இரும்பு. அதற்குக் கணக்கு வேறு மாதிரி. மாங்கனீஸ் கூடுதலாகப் போட வேண்டும். கோமதியின் புரோகிராமில் அதற்கென்றே தனிப் பகுதி உண்டு. தேவசகாயத்தின் ஷிப்டிலேயே எல்லாவற்றையும் உருக்கினோம், ஊற்றினோம், அனுப்பினோம். வாங்கினவர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் விரிசல். அதோடு அந்தத் துரு இரும்பை வாங்குவதையே முதலாளி நிறுத்திவிட்டார்.

விசாரணை நடந்தது. குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன்.

"சீட்டுல இருந்ததைத்தான் போட்டியா?" என்று கேட்டார் மேனேஜர்.

"சத்தியமா சார். சீட்ல இன்னா இருந்திச்சோ அத்தத்தான் போட்டேன்."

"சரி, சீட்டு எங்கே?"

"பர்னஸ்ல... போட்டுட்டேன் சார்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நகல் இருந்ததா என்கிறீர்களா? கார்பன் பேப்பர் வீண் செலவு என்று ஆபீஸ் நிறுத்தியிருந்தது.

சென்னைக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். புரோகிராம் சரி என்று பதில் வந்தது. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சரி என்றால் தேவசகாயம் தப்பு. இடையில் வேறு என்ன இருக்க முடியும்?

வேலையை விட்டு அனுப்பவில்லை. கருணையாம்! பர்னஸிலிருந்து எடுத்து, யார்டில் இரும்பு பொறுக்கப் போட்டார்கள். ஆரம்பத்தில் தேவசகாயம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சண்டை போட்டார். "நான் பொய் சொல்றவனாடா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். போகப் போகச் சண்டை குறைந்தது. ஒருநாள் கேண்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், கம்ப்யூட்டர் பொய் சொல்லாதில்ல?"

"சொல்லாதுன்னுதான் சொல்றாங்க."

"அப்ப நான்தான் நம்பர மாத்திப் பட்சிருப்பேன் போலக்குது."

மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அதற்குச் சண்டைக்கார தேவசகாயமே தேவலை என்றிருந்தது எனக்கு. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மறுபடி காக்களூர். கோமதி கார்டுகளை மெஷினுக்கு ஊட்டினார். புது மெஷினுக்கு ஏற்றபடி சில அட்டைகளை மட்டும் மாற்றியிருந்தாராம். சோதனைக்கு அந்தத் துரு இரும்புக் கணக்கையே கொடுத்து, பாதி வழியில் நிறுத்தினார்.

இங்கே எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் எழுதும்போது நாம் பெயர்கள் வைக்கிறோம். மாங்கனீஸ் என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்டுக் கோமதி 'மாங்' என்று வைத்திருந்தார். கம்பைலர் என்று ஒருவர், அதாவது ஒன்று, இதை மெஷின் பாஷைக்கு மாற்றுகிறது. மாற்றும்போது பெயரைத் தூக்கி எறிந்துவிடுகிறது. மெஷினுக்கு மாங்கும் தெரியாது, மாங்காயும் தெரியாது. இந்த நம்பர் பெட்டியில் இருப்பதை எடு, அந்த நம்பர் பெட்டியில் போடு — இவ்வளவுதான் தெரியும். ஆகவே, எந்தப் பெயர் எந்தப் பெட்டி என்று ஓர் அட்டவணை தனியே இருந்தால்தான் நாம் உள்ளே எட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும்.

"அப்பல்லாம் எங்க அட்டவணையில ஒரு பேருக்கு ஒரு பெட்டிதான் சார். இது வேலியையும் சேர்த்து வெச்சிருக்கு" என்றார் கோமதி.

வேலியா?

எங்கள் பவுண்டரியில் இரண்டு முனுசாமிகள் இருந்தார்கள். மெல்ட்டிங் ஷெட்டுக்குள் நின்று கூப்பிட்டால் கிரேன் முனுசாமி திரும்புவார். வெளியே கேட்டில் நின்று கூப்பிட்டால் வாட்ச்மேன் முனுசாமி. யாரும் குழம்பியதில்லை. புரோகிராமும் அப்படித்தானாம். வேலிக்குள் வேலி. உள்வேலியில் ஒரு பெயர் வைத்தால், அதற்குள் இருக்கும்வரை அந்தப் பெயருக்குத்தான் மரியாதை. வேலியைத் தாண்டினால் அது செத்தது. வெளியே அதே பெயரில் இருந்த பழைய ஆசாமி மறுபடி தலையெடுப்பான். டீபக்கர் இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறது. எந்தப் பெயர் எந்த வரியிலிருந்து எந்த வரி வரைக்கும், எந்த வேலி எதற்குள்... கேட்டால், நிற்கிற இடத்திலிருந்து தொடங்கி வெளியே ஒவ்வொரு வேலியாகப் பார்த்துச் சொல்லும்.

கோமதி 'மாங்' என்று தட்டினார். டைப்ரைட்டர் மாதிரி இருந்த அந்தக் கருவி தடதடவென்று அடித்தது.

இரண்டு வரி வந்தது. இரண்டு மாங்!

துரு இரும்புக்கான உள்வேலியில் ஒன்று. அதில் சரியான, கூடுதல் அளவு. வெளியே ஒன்று. அதில் பழைய, குறைந்த அளவு. சீட்டை அச்சடிக்கிற வரி எங்கே இருந்தது? வெளியே.

"அட!" கோமதி கைதட்டியேவிட்டார். "பழக்கதோஷத்துல உள்ளயும் மாங்னு இன்னொண்ணு வெச்சிருக்கேன் சார். உள்ள கணக்கு கரெக்டா போட்டு, அது அங்கயே செத்துப் போச்சு. அச்சுல வந்தது வெளி மாங்! அன்னிக்கு முழுசா ஓட்டிப் பார்க்க மெஷின் டைம் கொடுக்கல. நடுவுல நிறுத்தி, மெமரிய அச்சடிச்சுப் பார்த்தேன். அட்டவணையில இருந்தது உள் மாங் மட்டும்தான். நம்பர் சரியா இருந்துது. புரோகிராம் சரின்னு எழுதி அனுப்பிட்டேன். எத்தன வருஷமா ஒளிஞ்சிருந்திருக்கு பாருங்க!"

நான் அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"அப்போ... தேவசகாயம்?" என்றேன்.

"யாரு தேவசகாயம்?" என்றார் கோமதி.

அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? புரோகிராம் சரியா என்று கேட்டார்கள்; பதில் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றுகொண்டிருக்கிறான் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன். கேண்டீனில் அவர் கேட்டது வரைக்கும் சொன்னேன். கோமதி அந்தக் காகிதத்தைக் கருவியிலிருந்து கிழித்து, மடித்து, கைப்பையில் வைத்தார்.

"எங்க இருக்கார் இப்போ? போலாம் வாங்க."

புதுவாயல் கூட்டுரோட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பெரியபாளையம் வழியாகப் பஸ். கோமதி வழியெல்லாம் கைப்பையைத் திறந்து அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தடவை மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சண்டை போட்டாவது ஒரு தடவ முழுசா ஓட்டிப் பார்த்திருக்கணும்" என்றார். கார்பன் பேப்பரை நிறுத்தினவர் இந்நேரம் எங்கே, யார் தலையில் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கூட்டுரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை. மீசை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. ஒரு லாரி டயருக்குக் காற்றடித்து, காற்றை அளக்கிற கேஜை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு கேஜை டிரைவரிடம் நீட்டினார்.

"நீ ஒரு தபா பாரு நைனா."

"ஒவ்வொரு வாட்டியும் உன்னோட இதே பேஜாரு! உன் கண்ணுக்கு இன்னா கேடு?" என்று டிரைவர் அலுத்துக்கொண்டார். தேவசகாயம் சும்மா சிரித்தார்.

என்னைப் பார்த்ததும், "சார்! இன்னா சார் இந்தப் பக்கம்?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. கோமதி டீயைத் தொடவில்லை. காகிதத்தை விரித்து, இரண்டு வரியையும் காட்டி, பெட்டி, வேலி எல்லாவற்றையும் சொன்னார்.

"சீட்டுலயே தப்பு நம்பர்தான் வந்திருக்கு. நீங்க சீட்டுல இருந்ததத்தான் போட்டிருக்கீங்க. தப்பு என்னுதுங்க. மன்னிச்சிடுங்க."

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கரீட்டாத்தான் பட்சனாம்மா?"

"கரெக்டாத்தான் படிச்சீங்க."

திரும்பவும் அதையே கேட்டார். கோமதி திரும்பவும் அதையே சொன்னார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மேரி சொன்னா சார். எம் பொண்டாட்டி. 'நீ பட்சதத்தான்யா போட்டிருப்ப, எனக்குத் தெரியும்'னா. நான்தான் நம்பல. 'கம்ப்யூட்டர விட உனக்குத் தெரியுமா, வாய மூட்றி'ன்னு கத்துவேன். போன தை மாசம் செத்துப் பூட்டா சார். ஆஸ்பத்திரில பட்த்துக்கினுகூட அத்தயேதான் சொல்லிக்கினு இருந்தா."

கோமதி அழுதுவிட்டார். நான் லாரிகளைப் பார்க்கிற மாதிரி ரோட்டைப் பார்த்தேன்.

யோசித்துப் பார்த்தால் யாருமே பொய் சொல்லவில்லை. அவரவர் நின்ற வேலிக்குள் தெரிந்ததைச் சொன்னார்கள். கோமதி புரோகிராமுக்குள் நின்று சொன்னார். மேனேஜர் ஆபீஸுக்குள் நின்று சொன்னார். சரியான பதில் மேரியிடம் இருந்தது. அது அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை, வீட்டுக்குள்ளேயும் எடுபடவில்லை. அவரோடு போய்விட்டது.

அதற்குள் இன்னொரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. தேவசகாயம் எழுந்தார். "இத்த நான் வெச்சிக்கட்டுமாம்மா?" என்று கேட்டு, காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சீட்டு என்று கண்டாலே நெருப்பில் வீசின மனிதர்!

டயருக்குக் காற்றடித்தார். கேஜை வைத்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். நானும் கோமதியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நிமிர்ந்தார். கேஜை டிரைவரிடம் நீட்டினார்.

"நீ ஒரு தபா பாரு நைனா."

பூச்சியைப் பிடித்தாகிவிட்டது... கடிபட்ட இடத்துக்கு எந்த மெஷினில் மருந்து தேடுவது?