சுவருக்கு வெளியே வைத்த மலர்வளையங்கள்

“உங்க தாத்தா எந்தப் பக்கம் நின்னு செத்தார்?”

கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு நிருபர் என்னிடம் இப்படிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. எழுதிக்கொள்வதற்குப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பள்ளி இறுதித் தேர்வில் உலகப் போரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்தவள் நான். ஆனால் அன்று எனக்குப் பதில் வரவில்லை. அவர் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய ஆள் என் பெரியம்மா. பக்கத்திலேயே, வெறும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பெரியம்மா எங்கள் ஊர்ப் போர்க் கல்லறையில் தோட்டக்காரி. பெரியப்பா காலமான பிறகு எங்களோடுதான் இருந்தாள். “உங்க பெரியம்மாவை நம்ம வாசலைக் கூட்டச் சொல்லு, இடுப்பு வலிக்குதும்பா. அங்க போய் நாடு நாடா கூட்டுவா” என்று அம்மா சொல்வாள். அது உண்மைதான். அந்தக் கல்லறைக்குள் மூன்று நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். மூன்று நாட்டுக்கும் மூன்று விதமான சுத்தம் தேவைப்பட்டது. ஒரு பகுதியில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ரோஜாச் செடி. செடியின் நிழல் பெயரின்மேல் விழாதபடி கிளையை வெட்ட வேண்டும். இன்னொரு பகுதியில் பூவே கூடாது, புல்தரை மட்டும்தான். கல்லின் அடியில் புல் ஒட்டாமல் மண்வெட்டியால் கோடு போட்டது போல் செதுக்க வேண்டும். வேலிச்செடிக்கு அந்தப் பக்கம் எதிரிகளாக இருந்தவர்களின் பகுதி. அங்கே வெள்ளைச் சரளை. கால் தடம் தெரியாமல் பின்னால் நகர்ந்துகொண்டே வாரிவிட வேண்டும். கல்லில் பாசி பிடித்தால் தண்ணீரும் மெல்லிய தூரிகையும்தான். சோப்புப் போட்டால் கல் கறுத்துப்போகும்.

அதனால் அவளுக்கு அவர்கள் ரோஜாக்காரர்கள், புல்லுக்காரர்கள், சரளைக்காரர்கள். நாட்டின் பெயரைச் சொல்லிப் பேசி நான் கேட்டதில்லை.

மூன்று நாட்டிலிருந்தும் ஆட்கள் பார்க்க வருவார்கள். முதலில் வந்து இறங்கிச் சண்டை போட்டது நாங்கள்தான் என்பார்கள் ரோஜாக்காரர்கள். அதிகம் செத்தது எங்கள் ஆட்கள் என்பார்கள் புல்லுக்காரர்கள். தோற்றவன் வீட்டிலும் பிள்ளை பிள்ளைதானே என்று சரளைக்காரர்கள் தணிந்த குரலில் சொல்வார்கள். உடனே மற்ற இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதையெல்லாம் சாயங்காலம் பெரியம்மா எங்களுக்கு நடித்துக் காட்டுவாள்.

“உள்ள படுத்திருக்கறவங்களுக்குள்ள சண்டையே இல்லடி. எல்லாருக்கும் ஒரே மண்ணு, ஒரே எறும்பு. வெளியில நிக்கறவங்களைத்தான் தாங்க முடியல.”

கல்லறையின் பின்சுவருக்கு வெளியே ஒரு பொட்டல் இருந்தது. முள்செடியும் கோரைப்புல்லும் மண்டிய இடம். பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், வண்ணார் துணி காயப்போடுவார். அதற்கு அடியில்தான் எங்கள் தாத்தா இருந்தார்.

தாத்தா சுவர் பூசும் வேலை செய்தவர். போரில் சரளைக்காரர்கள் ஊரைப் பிடித்ததும், விமான ஓடுதளம் போடுவதற்கு மண் சுமக்கத் தெம்புள்ள ஆண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியம்மா அப்போது நடைபழகும் குழந்தை, என் அம்மா வயிற்றில். காய்ச்சலில் பாதிப் பேர் போனார்கள். பிறகு ரோஜாக்காரர்களின் விமானங்கள் ஓடுதளத்தின்மேல் குண்டு போட்டன. குழி விழ விழ அதை மூடச் சொல்லி மறுபடி இவர்களைத்தான் அனுப்பினார்கள். தாத்தா அப்படி ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தபோது அடுத்த குண்டு விழுந்தது. கடைசியில் புல்லுக்காரர்கள் ஊரை மீட்டு உள்ளே வந்தார்கள். நாற்றம் தாங்காமல் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, கிடந்த உடல்களை எல்லாம் தள்ளி மூடினார்கள். தப்பிப் பிழைத்த ஒருவர் வீடு தேடி வந்து இடத்தைச் சொன்னார். போர் முடிந்ததும் சிப்பாய்களை மட்டும் தோண்டி எடுத்து ஆளுக்கொரு கல் நட்டார்கள். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டுச் சுவர் எழுப்பினார்கள்.

பெரியம்மா அந்த வேலைக்குப் போனதே சுவருக்கு அந்தப் பக்கம் தன் அப்பா இருக்கிறார் என்பதால்தான். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஆண்டுதோறும் நினைவு நாளில் எல்லா நாட்டுக்காரர்களும் மலர்வளையம் வைப்பார்கள். ஒரு வாரம் கழித்து, வாடியதை எல்லாம் அள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் எரிக்க வேண்டும். பெரியம்மா எரிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் எடுத்துவைத்துக்கொள்வாள். நாட்டின் பெயர் எழுதிய நாடாவை அவிழ்த்துவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பொட்டலில் வைப்பாள். அதிலும் முறை உண்டு. ஒரு வருடம் ரோஜா, ஒரு வருடம் புல், ஒரு வருடம் சரளை.

“இந்த வருஷம் நம்ம அப்பாவுக்குச் சரளைக்காரன் மாலை. கூட்டிட்டுப் போனவனே கொண்டாந்து வெச்சிருக்கான், பாரு” என்பாள். அம்மா சிரிப்பாள். அப்பாவை ஒரு தடவைகூடப் பார்க்காதவள் அவள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

போர் முடிந்து ஐம்பது ஆண்டு நிறைந்தபோது விழாவைப் பெரிதாக எடுக்க முடிவு செய்தார்கள். பொட்டலில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள் முளைத்தன. விருந்தாளிகளின் பஸ்கள் நிற்க இடம் வேண்டுமாம். விழா முடிந்ததும் அதே இடத்தில் தார் போட்டு நிரந்தரமாக்கிவிடுவார்களாம். பெரியம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய், முதல் தடவையாக விஷயத்தைச் சொன்னாள். புல்லில் கால் வைப்பவர்களைப் பார்த்து ஊதிக்கொண்டே இருப்பதால் அவருக்கு விசில் என்று பெயர். கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். மேலிடத்து உத்தரவு, தன்னால் ஒன்றும் ஆகாது என்றாராம். நாளைக்கு மூன்று நாட்டுப் பிரதிநிதிகளும் கூட்டத்துக்கு வருகிறார்கள், டீ கொண்டுபோகும் சாக்கில் நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று அவர்தான் வழி சொன்னார்.

கூட்டத்தில் நடந்ததைப் பெரியம்மா எங்களிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

முதல் மலர்வளையத்தை யார் வைப்பது என்பதில் காலையிலிருந்து இழுபறி. முதலில் இறங்கியவர்களா, அதிகம் இழந்தவர்களா என்று மேசையின் இரண்டு பக்கமும் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. சரளைக்காரர் வாயே திறக்கவில்லை. பெரியம்மா டீயை வைத்துவிட்டு, மொழிபெயர்க்கும் பெண்ணிடம், நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்மா என்று கேட்டுக்கொண்டாள்.

“ஐயா, நீங்க பஸ் நிறுத்தப்போற இடத்துல எங்கப்பா இருக்கார். அவர்கூட நிறையப் பேர் இருக்காங்க. பஸ்ஸை வேற எங்கயாவது நிறுத்துங்க. முடிஞ்சா ஒரே ஒரு கல்லு வைங்க.”

சரளைக்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் கூலிக்கு வந்தவர்கள், சிப்பாய்கள் அல்ல என்றார். கீழே யார் இருக்கிறார்கள் என்று எங்கள் விமானிகளுக்குத் தெரியாது, உயிரைக் கொடுத்தவர்கள்மேல் பழி விழும்படி எதையும் எழுத முடியாது என்றார் ரோஜாக்காரர். புல்லுக்காரர் வயதானவர். எழுந்து நின்று பெரியம்மாவிடம் வருத்தம் தெரிவித்தார். பிறகு உட்கார்ந்து, இந்த இடம் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு போரிட்டவர்களுக்கானது என்றார். கல் வைத்தால் அதில் யாரால் செத்தார்கள் என்று எழுதுவது என்று யாரோ கேட்டார்கள். காலையிலிருந்து எதிலுமே ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் உடனே ஒத்துப்போனார்கள். கல் வேண்டாம்.

“அப்புறம் என்னக்கா பண்ண?” என்று அம்மா கேட்டாள்.

“என்ன பண்றது. காலி கிளாஸை எடுத்துக்கிட்டு வந்தேன்.”

விழாவுக்கு முந்தின நாளே மலர்வளையங்கள் வந்துவிட்டன. ஈரச் சாக்குப் போட்டுக் கொட்டகையில் வைப்பதும் சாவியும் பெரியம்மாவின் பொறுப்பு. எனக்கும் விழா நாளில் நாற்காலி அடுக்கும் வேலை கிடைத்திருந்தது. விடியும்போது பெரியம்மா என்னை எழுப்பினாள்.

“எந்திரிடி. வண்டி தள்ளணும்.”

நாற்காலிக்குத்தான் என்று நினைத்துப் போனேன். கொட்டகையைத் திறந்து மலர்வளையங்களை வண்டியில் ஏற்றத் தொடங்கியதும்தான் புரிந்தது. ‘வேலை போயிடும் பெரியம்மா’ என்றேன். அவள் அடுத்ததைத் தூக்கி வண்டியில் வைத்தாள். திரும்பத் திரும்பப் போய் எல்லாவற்றையும் பொட்டலுக்குக் கொண்டுவந்தோம். வாழ்க்கையில் அவ்வளவு பூவை ஒன்றாக நான் பார்த்ததில்லை. யாரை முதலில் வைத்தாய் என்று சண்டை வருமே என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் வட்டமா வைக்கறேன். வட்டத்துல முதல் ஏது, கடைசி ஏது?”

நாடாக்களை எல்லாம் அடியில் மடித்துவிட்டாள். எது யாருடையது என்று வெளியே தெரியாது. பிறகு வட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

முதல் பஸ் வந்து நின்றது. அதன் பின்னால் அடுத்தடுத்துப் பஸ்கள் சாலையில் வரிசை கட்டின. பூவின்மேல் சக்கரத்தை ஏற்ற எந்த ஓட்டுநருக்கும் மனம் வரவில்லை. விருந்தாளிகள் இறங்கி வந்து கூடினார்கள். விசில் ஓடி வந்தார். விசிலை ஊதாமல் அவர் ஓடி வந்ததை அன்றுதான் பார்த்தேன். மொழிபெயர்க்கும் பெண்ணும் வந்து சேர்ந்தாள். பெரியம்மா அவளைப் பார்த்துச் சொன்னாள்.

“இந்த மண்ணுக்கு அடியில ஆளுங்க இருக்காங்க. நான் சொல்ல வந்தது அவ்ளோதான்.”

அந்தப் பெண் அதை இரண்டு தடவை உரக்கச் சொன்னாள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது யாரோ, எங்களுடையது எது என்று கேட்டார்கள்.

ஒருவர் குனிந்து நாடாவைத் திருப்பிப் பார்த்தார். அடுத்தவரும் குனிந்தார். பிறகு எல்லோரும் பொட்டலில் இறங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டித் தங்கள் பெயரைத் தேடத் தொடங்கினார்கள். எங்களுடையதை ஏன் தலைகீழாக வைத்தாய் என்று ஒருவர் கத்தினார். ரோஜாக்கார அம்மாள் ஒருத்தி, தன் அண்ணனுக்குக் கொண்டுவந்த பூ அவனைக் கொன்றவர்களின் பூவை ஒட்டிக் கிடந்ததே என்று அழுதாள். அவள் அழுகை பொய்யில்லை. எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. ஆளாளுக்குத் தங்களுடையதை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, கல்லறை வாசலைப் பார்த்து நடந்தார்கள். தொப்பியைக் கழற்றியவரும் அதை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

வட்டம் கரைந்துவிட்டது. மிதிபட்ட இலைகளுக்கு நடுவில் பெரியம்மா மட்டும் நின்றாள். விசிலின் கை பழக்கத்தில் விசிலுக்குப் போனது. ஊதினார். பஸ்கள் உள்ளே வரத் தொடங்கின.

முதல் பஸ்ஸின் ஓட்டுநர் மட்டும் தலையை வெளியே நீட்டி, “யாரும்மா இங்க?” என்று கேட்டார்.

“எங்கப்பா.”

அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்துச் சாலையோரத்தில் வெயிலிலேயே நிறுத்தினார். சாலையை மறித்ததற்கு அவருக்கு அபராதம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நிருபர் என்னிடம் வந்தார்.

மறுநாள் பத்திரிகையில் முதல் மலர்வளையம் யாருடையது என்ற தகராறு பெரிதாக வந்திருந்தது. அதன் அடியில் ஒரே ஒரு வரி: தோட்டப் பணியாளரின் கவனக்குறைவால் விழா தாமதம். நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“கவனக்குறைவா?” என்றாள் பெரியம்மா. “திமிருன்னு எழுதியிருந்தாக்கூடப் பரவால்ல.”

வேலை போய்விட்டது. அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. தார் போடும் இயந்திரங்கள் வந்த நாளிலிருந்து தினமும் போய்ச் சாலையோரத்தில் நின்றாள். தோண்டும்போது எலும்பு வந்தால் எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்றாள். சற்று நேரத்தில், அப்பா அப்படி மண்வெட்டியில் வெளியே வர வேண்டாம் என்றும் சொன்னாள். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் தோண்டவே இல்லை. மேலே லாரி லாரியாகச் சரளையைக் கொட்டி உருளையால் அமுக்கித் தாரை மெழுகிவிட்டார்கள்.

இப்போது அங்கே எந்நேரமும் பஸ்கள் நிற்கின்றன. பெரியம்மா போய் நின்றால், எந்த ஊருக்கும்மா என்று நடத்துநர்கள் கேட்கிறார்கள். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். தாரில் விழுந்திருந்த வெடிப்பில் கொஞ்சம் புல் முளைத்திருந்தது. பெரியம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆயுசு முழுக்கக் களை பிடுங்கிய கை தன்னால் நீண்டது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்” என்றாள்.

நிருபருக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். தாத்தா எந்தப் பக்கமும் நிற்கவில்லை. மண் கூடையோடு நடுவில் நின்றார். மூன்று பக்கமும் அவரைத் தாண்டித்தான் சுட்டுக்கொண்டார்கள்.

எங்களிடம் கல் இல்லை, எழுதி வைக்க இடமும் இல்லை. இதைப் படித்த நீங்கள் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடமாவது சொல்லுங்கள். முழுக்கச் சொல்ல நேரமில்லை என்றால் பெரியம்மா சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள்: அந்த மண்ணுக்கு அடியில் ஆட்கள் இருக்கிறார்கள்.