கம்பஸிலிருந்து குசினிக்கு

அப்பாவின் வேலைச் சப்பாத்து என் இடது காதில் வந்து விழுந்தபோதுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. எண்ணெய்த் தரையில் வழுக்காமலிருக்கத் தடித்த றப்பர் அடி வைத்த கறுப்புச் சப்பாத்து. ரொறன்ரோ நகரத்துக்குள் ஓர் உணவகத்தின் குசினியில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் கோப்பை கழுவினார், பிறகு இறைச்சி வெட்டினார். தொண்ணூறுகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இந்த நகரத்தின் குசினிகளில்தான் நின்றார்கள். தன் மகன் அங்கே நிற்கக்கூடாது என்பதற்காகவே அப்பா நின்றார். நானோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடப் பொறியியலை விட்டுவிட்டு, தொழில் பழக்கும் ஒரு கொலிஜில் சமையல் படிக்கப் பதிந்துவிட்டு வந்திருந்தேன்.

நகரத்தின் கிழக்குப் பக்கம், வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்டின் வாசலில் குந்தியிருந்து அவர் ஒரு காலுக்குச் சப்பாத்துப் போட்டு முடித்திருந்தார். மற்றது கையில் இருந்தது.

"என்னடா சொன்னனீ? திருப்பிச் சொல்லு."

"கம்பஸை விட்டிட்டன் அப்பா. ரெண்டு வருசத்துக்குள்ளை மனம் மாறினால் திரும்பிப் போகலாம், இடம் வைச்சிருப்பினமாம்."

திரும்பிப் போகலாம் என்ற சொல் அவரை ஆற்றிவிடும் என்று நினைத்த என் மடத்தனத்தை என்ன சொல்ல! சப்பாத்து வந்தது. அடுத்த நொடி என் தலைமயிர் அவர் பிடியில் இருந்தது. குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், அம்மா சோற்றுப் பானையை அப்போதுதான் இறக்கியிருந்த அடுப்புக்கு நேரே என் முகத்தை அமுக்கினார். சிவந்திருந்த மின்னடுப்பு வளையத்துக்கும் கன்னத்துக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. என் புருவம் பொசுங்கும் மணம் எனக்கே வந்தது.

"உதுதானேடா உனக்கு வேணும்? பார்! வடிவாய்ப் பார்!"

அம்மா பானை மூடியால் அவர் கையில் ஓங்கி அடித்தார். "விடுங்கோ பிள்ளையை! உங்களுக்கென்ன விசரே?" பானை சரிந்து சோறெல்லாம் நிலத்தில் கொட்டியது. நான் திமிறி எழும்பி அப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் மோதும்படி தள்ளினேன். என் கை ஓங்கியபடி நின்றது. அம்மா நடுவில் விழுந்திராவிட்டால் அடித்தேயிருப்பேன். சுடுசோற்றை மிதித்துக்கொண்டு அவர் மற்றச் சப்பாத்தைத் தேடினார். "இனி என்ரை கண்ணிலை முழிச்சிடாதை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு அவரை நான் வெறுத்ததுபோல ஒருவரையும் வெறுத்ததில்லை.

நண்பன் ஒருவனின் பேஸ்மென்டில் இருந்து படிப்பை முடித்தேன். அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் போய்ச் சாப்பிடுவேன். கொலிஜில் பாணுக்கு ஈஸ்ட் போட்டுக் குழைத்த மா ஏன் பொங்குகிறது என்று கேட்கத் தொடங்கியவன், கடைசியில் இரசாயனவியலில் போய் விழுந்தேன். ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்துக்கு மாறிப் படிக்கக் கேட்டேன். கிடைத்தது. "நான் அப்பவே சொன்னனான்" என்று அப்பா நெளிப்புக் காட்டினால் இந்தமுறை விடுவதில்லை என்ற வீறாப்போடுதான் வீட்டுக்குப் போனேன்.

"குசினியை விடுறன் அப்பா. திரும்பக் கம்பஸுக்குப் போறன்."

அவர் எழும்பி வந்தார். என் கால் தானாகப் பின்னால் போனது. மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆர் அடிச்சவன்?"

"ஆர் அப்பா? ஒருத்தரும் அடிக்கேல்லை. படிக்க விருப்பம் வந்திட்டுது."

அவர் நம்பவில்லை. என் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிப் பார்த்தார். தோளைப் பிடித்துத் திருப்பி, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார்.

"சட்டி தட்டுப்பட்டுச் சுட்டதெண்டு மட்டும் சொல்லாதை. அப்பிடித்தான் நானும் கொம்மாட்டைச் சொன்னனான்."

யார் அவன் என்று அன்றைக்கும் கேட்டேன், பிறகும் எத்தனையோ தரம் கேட்டேன். பெயரைச் சொல்லாமலே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். என் புருவத்தைப் பொசுக்கியதற்காக அவரை நான் முழுதாக மன்னிக்கவில்லை. ஆனால் எனக்கும் தலை நரைத்துவிட்ட இந்த வயதில், அந்தக் குசினியில் அவரைச் சுட்டவன் எதிரே வந்தால் அடித்துக் கொன்றுவிடுவேன்.